பிளேகுக் காலச் செய்திகளும் அவற்றின் மெய்ம்மையும்: பம்பாயும் பூனாவும், 1896–1897

1. முன்னுரை

கொள்ளைநோய் பரவிய காலம் ஒன்றை ஆராயப் புகுவார்க்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, அரசினர் விடுத்த அறிக்கைகளும் கணக்குகளும். மற்றொன்று, அக்காலத்துச் செய்தித்தாள்கள். இவ்விரண்டும் ஒத்துச் செல்லும் இடங்கள் சில. முரணும் இடங்கள் பல. முரணும்வழி எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே ஆராய்வார்க்கு முதற்கண் எழும் ஐயமாகும்.

இவ்வையத்திற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் ஒரு பக்கம் சார்ந்தே கூறுவர். அரசறிக்கை கணக்கோடு கூடியது. ஆதலின் அதுவே தக்கது என்பர் ஒரு சாரார். ஆட்சியாளர் தம் குறையைத் தாமே எழுதார். ஆதலின் மக்கள் குரலாகிய செய்தித்தாளே தக்கது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் செய்தியை நோக்காது செய்தி சொன்னவரை மட்டும் நோக்குகின்றனர் என்பது எம் கருத்து. ஒரு செய்தியினுள் எண், நிகழ்ச்சி, காரணம், பழி எனப் பல கூறுகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று மெய்யாயின் ஏனையவும் மெய்யாதல் வேண்டும் என்பதில்லை. ஒன்று பொய்யாயின் ஏனையவும் பொய்யாதலும் இல்லை.

இதனை விளக்குதற்கு 1896, 1897 ஆகிய ஈராண்டுகளில் பம்பாயிலும் (இன்றைய மும்பை) பூனாவிலும் (இன்றைய புனே) பரவிய பிளேகு நோய் பற்றிய செய்திகளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இந்நிகழ்ச்சிகள் தமிழகத்திற்குப் புறத்தே நிகழ்ந்தவை. எனினும் சான்றை எடைபோடும் முறை இலக்கிய ஆராய்ச்சிக்கும் வரலாற்று ஆராய்ச்சிக்கும் பொதுவானது. அன்றியும், அம்முறையைத் தமிழ் நூலோர் நெடுங்காலத்திற்கு முன்னரே வகுத்துள்ளனர். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவழியே தெளிதல் வேண்டும் என்றும் கூறும். சொல்லின் ஒப்புமை போதாது, சொல்வோர் தம்முள் தொடர்பின்மையும் வேண்டும் என்பது அதன் நுட்பம். இக்கட்டுரை முழுமைக்கும் அதுவே அளவுகோலாகும்.

2. நோயும் அதன் பெயரும்

1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியில், அக்காசியோ கேப்ரியல் வியேகாஸ் என்னும் மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளியரிடத்துப் பிளேகின் அறிகுறிகளைக் கண்டார். மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். ஆங்கு எலிகள் மிகுதியாக மடிந்து கிடந்தன. வியேகாஸ் நகராண்மைக் கழக உறுப்பினருமாவர். தாம் கண்டதைக் கழகத்தில் வெளிப்படையாகக் கூறினார். கல்கத்தாவிலிருந்து அக்டோபரில் வந்த ஹாஃப்கின் என்னும் ஆராய்ச்சியாளரும் நோய் பிளேகே என உறுதிசெய்தார்.

எனினும் அந்நாளைய அரசுக் குறிப்புகளில் பிளேகு என்னும் பெயர் எளிதில் இடம்பெறவில்லை. அதனினும் மென்மையாக ஒலிக்கும் ‘நெறிக்கட்டிக் காய்ச்சல்’ என்ற பொருள்படும் தொடரே வழங்கலாயிற்று. இதற்குக் காரணம் மருத்துவ ஐயம் மட்டும் அன்று. பம்பாய் பெருந்துறைமுகம். பிளேகு என்னும் சொல் வெளிப்பட்ட அளவிலே அயல்நாட்டுத் துறைகள் அந்நகரின் கப்பல்களைத் தடுத்து நிறுத்தும், வாணிகம் குலையும். அவ்வச்சம் வீணன்று. 1897-இன் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் இந்நோய் குறித்தே வெனிசு நகரில் மாநாடு கூட்டின. அவ்வாண்டு பம்பாய், கராச்சித் துறைகளிலிருந்து மக்காவுக்குச் செல்லும் புனிதப் பயணமும் தடைசெய்யப்பட்டது.

இதனால் அறியலாகும் முதல் உண்மை ஒன்று உண்டு. அரசறிக்கை பொய்யான நிகழ்ச்சியைக் கூறாமலே பெயரிடும் முறையால் படிப்போரைத் திசைதிருப்புதல் கூடும். காய்ச்சலால் இறந்தார் என எழுதுதல் பொய்யன்று. பிளேகு நோயினர்க்குக் காய்ச்சல் உண்டு. ஆயினும் அத்தொடரைப் படித்தவர், ஊரைவிட்டு நீங்குவதா இருப்பதா என முடிவுசெய்தற்கு வேண்டிய செய்தியைப் பெற்றிலர். இவ்விடத்து மெய்ம்மை சொல்லளவில் நின்றதேயன்றிப் பயனளவில் நிற்கவில்லை.

3. எண்களின் நிலை

அடுத்து இறப்புக் கணக்கை நோக்குவோம். நோயின் வாரக் கணக்கில் பிளேகால் இறந்தோர் இத்துணையர் எனத் தனியே காட்டப்பட்டது. அதே வாரங்களில் நகரில் எல்லா நோய்களாலும் இறந்தோரின் மொத்தத் தொகையும் பதிவாயிற்று. முந்திய ஆண்டுகளில் அவ்வாரங்களுக்குரிய சராசரி இறப்பைப் புதிய மொத்தத்தினின்று கழித்தால் எஞ்சுவது மிகை இறப்பு. அம்மிகை, பிளேகு எனப் பதிவான தொகையினும் பெரிதாயிருந்தது. வேறொரு பெருநோயும் நகரில் அக்காலத்துத் தோன்றாமையின், அம்மிகையின் பெரும்பகுதி பிளேகுக்கே உரியது எனக் கொள்ளுதல் தகும்.

இவ்வேறுபாட்டிற்கு அரசினரை மட்டும் குறைகூறல் பொருந்தாது. நோயாளியை மருத்துவமனைக்கு இழுத்துச் செல்வர், வீட்டைக் கழுவிப் பொருள்களை எரிப்பர் என்னும் அச்சத்தால் உறவினரே நோயை மறைத்தனர். இறந்தவர்க்கு வேறு நோய் கூறிப் பதிவு செய்தனர். ஆகவே பிளேகுக் கணக்கின் குறைவு, ஆள்வோர், ஆளப்படுவோர் ஆகிய இரு திறத்தாரும் தத்தம் காரணத்தால் மறைத்ததன் விளைவாகும். இருவரும் ஒத்த செய்தி மெய்யாயிருக்கும் என்னும் பொதுவிதி இங்குத் தவறிவிடுகின்றது. இருவரும் ஒரே திசையில் மறைத்தற்குக் காரணம் உடையராயின் அவர்தம் ஒப்புமை சான்றாகாது.

மொத்த இறப்புத் தொகை இவ்வாறு எளிதில் மறைக்கத்தக்கது அன்று. இறந்தமைக்குக் காரணம் இதுவெனப் பொய் கூறலாம். நகரத்துச் சுடுகாட்டிற்கும் இடுகாட்டிற்கும் வந்த உடலை வரவில்லை எனல் அரிது. எனினும் அத்தொகையும் முழுமை உடையதன்று. 1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பம்பாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 8,20,000. நோய் முற்றிய 1897-இன் தொடக்கத்திற்குள் மூன்றரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் நகரைவிட்டு வெளியேறினர். அவருள் வழியிலும் சொந்த ஊரிலும் இறந்தோர் பம்பாயின் கணக்கில் வாரார். ஆகவே மொத்தத் தொகையும் இத்துணைக்குக் குறையாது என்னும் கீழெல்லையையே காட்டும்.

4. வதந்தி கூறும் உண்மை

1896 அக்டோபரில் நகராண்மையினர் நோயாளியரைக் கட்டாயமாகப் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் அதிகாரத்தை மேற்கொண்டனர். அதனையொட்டி நகரில் ஒரு பேச்சு எழுந்தது. ஆர்தர் சாலை மருத்துவமனைக்குச் சென்றவர் மீளார். அங்கே நோயாளியரைக் கொன்று உடலிலிருந்து மருந்து வடிக்கின்றனர் என்பது அப்பேச்சு. அக்டோபர் 29-ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத்தொழிலாளர் அம்மருத்துவமனையைத் தாக்கினர். இதன்பின் கட்டாயம் ஒருவாறு தளர்த்தப்பட்டது.

நோயாளியரைக் கொன்றனர் என்பது பொய். அதனை மெய்யெனக் காட்டும் சான்று யாதும் இல்லை. ஆயினும் அப்பேச்சைப் பொய்யென ஒதுக்கியவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அகப்பாடல் உரையாசிரியர் அம்பல், அலர் என இரண்டைப் பிரித்துக் காட்டுவர். சிலர் தம்முள் முணுமுணுக்கும் அளவில் நிற்பது அம்பல். ஊரறியப் பரந்துபட்டது அலர். அலர் கூறும் பெண்டிர் கூற்றில் மிகையுண்டு. ஆயின் ஊர் ஏன் அதனைப் பேசியது என்னும் வினா அம்மிகையால் மறைந்துவிடாது. ஆர்தர் சாலை பற்றிய பேச்சும் அத்தகையதே. மருத்துவமனைக்குச் சென்றவருள் மீண்டவர் சிலரே என்பது மெய். நோய் முற்றிய நிலையிலேயே பலர் அங்குக் கொண்டு வரப்பட்டனர். அந்நோய்க்கு உரிய மருந்தும் அந்நாளில் இல்லை. உள்ளே நிகழ்வதை உறவினர் காணவியலாது. கண்ட உண்மை ஒன்று, காணாத இடம் ஒன்று; இவ்விரண்டிற்கும் இடையே மக்கள் தாமே ஒரு காரணத்தை இட்டு நிரப்பிக்கொண்டனர்.

ஆகவே அவ்வதந்தி மருத்துவமனையில் நிகழ்ந்ததற்குச் சான்றாகாது. மருத்துவமனைக்கு வெளியே மக்கள் மனநிலை எவ்வாறிருந்தது என்பதற்குத் தக்க சான்றாகும். ஒரே கூற்று ஒரு வினாவுக்குப் பொய்ச்சான்றும் மற்றொரு வினாவுக்கு மெய்ச்சான்றும் ஆதலை ஆராய்வார் கருதுதல் வேண்டும்.

இவ்விடத்துப் பிறிதொன்றும் கூறத்தகும். கற்றோர் கூற்றும் அக்காலத்து முழுமையான அறிவின்பாற்பட்டதன்று. பிளேகின் நுண்ணுயிரை 1894-இல் ஹாங்காங்கில் எர்சின் கண்டறிந்திருந்தார். அஃது எலியினின்று தெள்ளுப்பூச்சி வழியே மக்களுக்குத் தொற்றும் என்பதைச் சிமோன் என்பார் கராச்சியில் ஆய்ந்து காட்டியது 1898-இல். அது பலராலும் ஏற்கப்பட்டதோ அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே. ஆகவே 1897-இல் அழுக்கே முதற்காரணம், மனிதரைப் பிரித்தலே முதல் வழி என நம்பிக்கையோடு எழுதிய அதிகாரிகள் பொய் கூறினாரல்லர். அறியாததை அறிந்ததுபோல் கூறினர். இதுவும் மெய்ம்மைக் குறைவின் ஒரு வகையே.

5. பூனாவில் நிகழ்ந்தவை

1897-இன் தொடக்கத்தில் நோய் பூனாவைக் கடுமையாகப் பற்றியது. பிப்ரவரி 4-ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. வீடுகளைச் சோதிக்கவும், மக்களைப் பிரிக்கவும், பொருள்களை அழிக்கவும் அச்சட்டம் அரசுக்குப் பேரதிகாரம் தந்தது. பூனாவில் வால்டர் சார்லஸ் ராண்டு என்னும் அதிகாரியின் தலைமையில் தனிக் குழு அமைந்தது. மார்ச்சு மாதத்தின் நடுவிலிருந்து மே 19 வரை எண்ணூற்றுக்கு மேற்பட்ட படைவீரர் வீடுதோறும் புகுந்து சோதனை செய்தனர்.

இச்சோதனை பற்றிப் பூனா இதழ்கள் எழுதிய குறைகள் பல. வீரர் அடுக்களையிலும் பூசையறையிலும் புகுந்தனர், பொருள்கள் களவு போயின, நோயற்றோரும் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பெண்டிரிடம் மானக்கேடாக நடந்தனர் என்பன அவற்றுள் சில. இவ்விதழ்களைப் பகைமையால் எழுதியவை என ஒதுக்குதல் எளிது. ஆயின் திலகரின் கேசரி, தடுப்பு முறைகள் வேண்டா என்று கூறியதில்லை. தொடக்கத்தில் அரசுடன் ஒத்துழைக்குமாறு அது மக்களுக்கு அறிவுறுத்தியது. திலகர் தாமே ஊரில் தங்கி இந்துக்களுக்கென மருத்துவமனை ஒன்று ஏற்படுத்தவும் முன்னின்றார். முறைகளை ஏற்று, அவற்றை நடத்திய விதத்தை மறுத்த ஒருவர் கூற்றுக்கு, இரண்டையும் மறுத்தவர் கூற்றினும் எடை மிகுதி.

மேலும், அரசியலில் திலகரோடு ஒவ்வாதாரும் இக்குறைகளுட் சிலவற்றை எழுதினர். கைம்பெண்களுக்கும் இளம்பெண்களுக்கும் சாரதா சதனம் என்னும் இல்லத்தை 1889-இல் நிறுவிய பண்டித ரமாபாய் அவருள் ஒருவர். கிறித்தவ சமயத்தைத் தழுவியவர். பூனாவின் வைதிகர்க்கும் திலகர்க்கும் உடன்பாடற்றவர். அவர் 1897 மே மாதத்தில் பம்பாய்க் கார்டியன் இதழில், பிளேகு மருத்துவமனையில் பெண்டிர் நடத்தப்படும் முறையைக் கண்டித்து எழுதினார். தம் இல்லத்துப் பெண் ஒருத்திக்கு நேர்ந்ததையும் அதில் எடுத்துரைத்தார். ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்டு பெருமகனார் அதனைப் பெரிதும் பிழைபட்டது என மறுத்தார்.

இங்கே குறளின் அளவுகோலை நினைவுகூர்க. ரமாபாயும் கேசரியும் ஒருவரை ஒருவர் சார்ந்து எழுதியவர் அல்லர். ஒருவர்க்கொருவர் உதவும் நோக்கமும் உடையர் அல்லர். அத்தகைய இருவர் சொல், பெண்டிர் நிலை குறித்த பொதுக் குறையில் ஒத்து நிற்கின்றது. ஆளுநர் மறுப்போ, தம் கீழுள்ள அதிகாரிகள் தந்த செய்தியைக் கொண்டது. குறை கூறப்பட்டவரே அக்குறையை ஆராய்ந்து இல்லையென்ற நிலை அது.

பிளேகுக் குழுவின் அறிக்கையிலும் ஒரு தொடர் நுணுகி நோக்கத்தக்கது. பெண்டிரின் மானத்திற்கு வேண்டுமென்றே இழுக்குச் செய்ததாக நம்பத்தக்க முறையீடு எதுவும் தமக்கோ படைத்தலைவர்க்கோ வரவில்லை என அக்குழு மனநிறைவோடு எழுதிற்று. முறையீடே வரவில்லை என அது கூறவில்லை. நம்பத்தக்கது வரவில்லை என்றே கூறிற்று. இன்னது நம்பத்தக்கது என முடிவு செய்தவரோ முறையீட்டுக்கு உள்ளானவரே. முறையீடு வாராமை நிகழ்ச்சி இன்மையைக் காட்டாது என்பதும் வெளிப்படை. கையில் துப்பாக்கியோடு வீட்டினுள் புகுந்த வீரரைப் பற்றி, அவ்வீரரின் தலைவரிடமே சென்று முறையிடும் பெண்டிர் எத்துணையர் இருந்திருத்தல் கூடும்?

6. கோகலேயின் மன்னிப்பு

1897 சூன் 22-ஆம் நாள், அரசியார் ஆட்சியின் அறுபதாண்டு விழா இரவில், ராண்டு சுடப்பட்டார்; உடன் சென்ற படைத்தலைவர் ஏயர்ஸ்டு அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். ராண்டு சூலை 3-ஆம் நாள் இறந்தார். கோபாலகிருஷ்ண கோகலே அக்காலத்து இந்தியச் செலவினம் பற்றிய வெல்பி ஆணையத்தின்முன் சான்று கூற இங்கிலாந்து சென்றிருந்தார். அவருக்கு வயது 31. சூலைத் தொடக்கத்தில் மாஞ்செஸ்டர் கார்டியன் இதழில் அவர் கூற்று வெளிவந்தது. பூனாவில் வீரர் இழைத்த கொடுமைகளை விரித்த அவர், இரு பெண்டிர் கற்பழிக்கப்பட்டனர் என்றும், அவருள் ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள் என்றும் கூறினார். அவர்க்கு ஆதாரம் பூனாவிலிருந்து நண்பர் எழுதிய மடல்கள்.

அரசு அதனை உடனே மறுத்தது, மெய்ப்பிக்குமாறு கேட்டது. சூலை இறுதியில் பம்பாயில் வந்திறங்கிய கோகலே தம் நண்பரை உசாவினார். மடல் எழுதியோர் வெளிப்பட்டுச் சான்று கூற முன்வரவில்லை. அவர் பெயரை வெளியிட்டுத் தம்மைக் காத்துக்கொள்ளக் கோகலேயும் உடன்படவில்லை. ஆகஸ்டுத் தொடக்கத்தில், ஆளுநரிடமும் குழுவினரிடமும் படைவீரரிடமும் அவர் முழு மன்னிப்புக் கேட்டுச் செய்தித்தாள்களில் அறிக்கை விடுத்தார். ஆள்வோரின் இகழ்ச்சிக்கும் நாட்டவர் பலரின் சினத்துக்கும் ஒருங்கே ஆளான அவர், பின்னர்ப் பூனாவில் பிளேகுத் துயர்துடைக்கும் பணியில் ஈடுபட்டார்.

இம்மன்னிப்பை எவ்வாறு பொருள் கொள்வது? அக்குற்றச்சாட்டு முழுப்பொய் என்பதற்குச் சான்று என அரசுச் சார்பினர் கொண்டனர். அச்சத்தால் விளைந்த பணிவு, ஆதலின் குற்றச்சாட்டு மெய்யே என எதிர்ச்சார்பினர் கொண்டனர். இரண்டும் சான்றின் எல்லையைக் கடந்த முடிவுகள் என்பது எம் துணிபு.

முதற்கண் கோகலேயின் குறையைக் காண்போம். அவரிடம் இருந்தவை ஒன்றுக்கு மேற்பட்ட மடல்கள். ஆயின் மடல் பலவாயினும் ஊற்று ஒன்றாயிருத்தல் கூடும். எழுதினோர் தாம் கண்டதை எழுதினாரா, ஊரில் கேட்டதை எழுதினாரா என்று அவர் கடல்கடந்த நிலையில் ஆராய்ந்து அறிதற்கு வழியில்லை. ஒரே ஊரினர், ஒரே குழுவினர், ஒரே பேச்சைக் கேட்டு எழுதிய மூன்று மடல்கள் மூன்று ஒற்றர் ஆகா. ஓர் ஒற்றனின் மூன்று குரல்களே ஆம். ஆகவே அச்செய்தியை உறுதியான நிகழ்ச்சியாக அயல்நாட்டு இதழில் கூறியது பிழையே. இப்பிழையால் கெட்டது அவர் பெயர் மட்டும் அன்று. களவு, பூசையறை புகுதல், முறையற்ற பிரிப்பு என ரமாபாயும் பிறரும் கூறிய ஏனைய குறைகளையும், ‘கோகலே கூறியதைப் போன்றவை’ என ஒதுக்கிவிட அரசுக்கு வாய்ப்பு உண்டாயிற்று.

இனி மற்றொரு பக்கத்தைக் காண்போம். கோகலே வந்திறங்கிய அவ்வாரத்தில் பூனா எந்நிலையில் இருந்தது? ராண்டு கொலையை முன்னிட்டு நகரில் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு நகர மக்கள்மேல் சுமத்தப்பட்டது. சூலை 27-இல் திலகர் சிறைப்பட்டார். அதே நாட்களில் நாட்டு உடன்பிறந்தார் இருவர், 1827-ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குவிதி ஒன்றின்படி, வழக்கும் விசாரணையும் இன்றிக் காவலில் வைக்கப்பட்டனர். இந்நிலையில் ஒருவர் முன்வந்து, ‘அம்மடலை எழுதியவன் யானே’ எனக் கூறுதல் எளிதா? பாதிக்கப்பட்ட பெண்ணோ அவள் குடும்பத்தாரோ, பெயரோடு மன்றில் நின்று உரைத்தல் அதனினும் அரிது. சான்று கூறுவோர்க்குத் தீங்கு நேரும் என்னும் நிலையில் சான்று கிடைக்காமை, நிகழ்ச்சியைப் பற்றி எதனையும் உணர்த்தாது, அந்நிலையையே உணர்த்தும்.

திலகர் வழக்கின் முடிவும் இதற்கு ஒளி தருவதாகும். 1897 செப்டம்பரில் நடுவர்குழு ஒன்பதின்மருள் ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் அல்லர் என்றனர். பெரும்பான்மை கொண்டு பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரே எழுத்தைப் படித்த ஒன்பதின்மர் இன அளவில் சரியாகப் பிரிந்தமை, அந்நாளில் நம்புதல் என்பதே யார் சொன்னார் என்பதன்மேல் நின்றது என்பதைக் காட்டுகின்றது.

7. மெய்ப்பிக்கப்படாமையும் பொய்ம்மையும்

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் ஒருவன் சொல்லையே சான்றாகக் கொண்டான். பிறிதொரு சான்றைத் தேடினான் அல்லன். அப்பிழையைக் கண்ணகி மன்றில் நிறுவியது எவ்வாறு? அவள் கையில் மற்றொரு சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பின் பரல் முத்து. அவள் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்தவுடன் உண்மை தெறித்தது. கண்ணகியின் சொல் மட்டும் இருந்து, அச்சிலம்பு இல்லாதிருப்பின், அவள் வழக்கு யாதாயிருக்கும்? கோவலன் கள்வன் அல்லன் என்னும் உண்மை மாறியிராது. அதனை மன்றம் அறிதற்கு வழி மட்டும் இல்லாதிருக்கும்.

பூனாப் பெண்டிர் கையில் மற்றொரு சிலம்பு இல்லை. இதனை உளத்திற்கொண்டால், செய்திகளை மெய், பொய் என இரண்டாக மட்டும் பகுத்தல் போதாது என்பது புலனாகும். மெய்ப்பிக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, இரண்டும் ஆகாதது என மூன்றாகப் பகுத்தல் வேண்டும். ஆர்தர் சாலை மருத்துவமனையில் கொலை நிகழ்ந்தது என்பது சான்றின்மையாலும் இயல்பின்மையாலும் மறுக்கப்பட்டது. வீரர் வீடுகளில் புகுந்த முறையால் மக்கள் பெருந்துயர் உற்றனர் என்னும் பொதுக் குறை, தம்முள் தொடர்பற்ற பலர் கூற்றால் மெய்ப்பிக்கப்பட்டது. இரு பெண்டிர் பற்றிய கூற்று மூன்றாம் வகையைச் சார்ந்தது. அதனை நிகழ்ந்ததாக எழுதும் நூலும், நிகழாததாக எழுதும் நூலும் ஒருங்கே தவறுகின்றன.

பொதுக் குறை மெய் என்பதற்கு அரசின் பிற்காலச் செயலே மேலும் ஒரு சான்றாகும். 1898 மார்ச்சு 9-ஆம் நாள் பம்பாயில், நோயுற்றதாகக் கருதப்பட்ட பெண் ஒருத்தியைச் சோதிக்கச் சென்றதை ஒட்டிக் கலகம் மூண்டது. அதன்பின் கட்டாயச் சோதனையும் பிரிப்பும் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. சொல்லால் மறுத்த குறையைச் செயலால் ஒப்புக்கொண்ட நிலை இது. அதே ஆண்டில் தண்டனைச் சட்டத்தின் அரசெதிர்ப்புப் பிரிவு விரிவாக்கப்பட்டு, வதந்தி பரப்புதல் பற்றிய பிரிவும் திருத்தி எழுதப்பட்டது. கட்டாயம் தளர்ந்தது, எழுதுவோர்மேல் பிடி இறுகியது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அக்காலத்து மௌனத்தின் பொருள் விளங்காது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன நான்கு. ஒன்று, கொள்ளைநோய்ச் செய்தியை முழுமையாக நம்புதலும் முழுமையாகத் தள்ளுதலும் ஆராய்ச்சியாகா. அதன் கூறுகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே எடைபோடல் வேண்டும். இரண்டு, பலர் ஒத்துக் கூறினர் என்பதினும் அவர் ஒருவரை ஒருவர் சாராது கூறினரா என்பதே முதன்மையானது. மூன்று, மறைத்தற்கு எளிதான எண்ணினும் மறைத்தற்கு அரிதான எண்ணே தக்க சான்று. நான்கு, சான்று இல்லை என்னும் இடத்து, சான்று கூறுதல் அங்கு இயலுமாறு இருந்ததா எனக் கேட்டல் வேண்டும்.

இவ்வினாக்கள் பழங்காலத்தோடு ஒழிந்தன அல்ல. 1897-ஆம் ஆண்டின் அதே தொற்றுநோய்ச் சட்டம் 2020-இல் கோவிட் பரவியபோதும் கையாளப்பட்டது. அவ்வாண்டிலேயே திருத்தமும் பெற்றது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தியாவில் நேர்ந்த மிகை இறப்பு ஏறத்தாழ 47 இலக்கம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அரசின் கணக்கில் அக்கால அளவில் பதிவான கோவிட் இறப்பு ஏறத்தாழ 4.8 இலக்கம். அம்மதிப்பீட்டு முறையை இந்திய அரசு மறுத்தது. பம்பாயில் நோயின் கணக்கிற்கும் மொத்த இறப்பிற்கும் இடையே எழுந்த வினா, நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எழுந்ததைக் காண்கின்றோம்.

1896-இல் தொடங்கிய பிளேகு, அடுத்த முப்பதாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டது. அவருள் தமக்கு நேர்ந்ததைத் தம் பெயரால் எழுதிவைத்தோர் மிகச் சிலர். ஏனையோரைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் பிறர் எழுதியவையே. ஆதலின் அவ்வெழுத்தை ஆராயும் மாணவர், நம்பத்தக்க முறையீடு வரவில்லை என்னும் வரியைக் காணுந்தோறும் அங்கே சிறிது நின்று, நம்புதற்கு உரியார் யார், முறையிடற்கு உரிய இடம் யாது என இரு வினா வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அவ்வரியைச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.